மரம் யாருக்காக?

உலகத்துப் பொருள்கள் மனிதனுக்காகப் படைக்கப்பட்டனவா, தத்தமக்காகவே உள்ளனவா என்பது சமயங்கள் பலவும் விடை சொல்ல முயன்ற வினா. அதை மரத்தின்மீது வைத்துக் கேட்பதில் ஒரு வசதி உண்டு. மரத்தைப் போல மனிதனுக்கு இத்தனை வகையில் பயன்படும் உயிர் வேறொன்றைச் சொல்வது கடினம். மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தைய தன் வரலாற்றையும் மரம் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறது. பயனையும் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வினாவின் கனம் தெரிகிறது.

பட்டையும் தோலும்

பாலாற்றங்கரையில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே இருக்கிறது மாதனூர். இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று விரியும் தோல் வட்டாரத்துக்குள் அடங்கிய ஊர். நிழலுக்கும் கனிக்கும் விறகுக்கும் மரத்தை நாடுவது எங்கும் உள்ள வழக்கம். இந்த வட்டாரம் மரஞ்செடிகளிடம் கேட்டது இன்னொன்று: துவர்ப்பு.

பச்சைத் தோல் சும்மா கிடந்தால் அழுகிவிடும். ஆகவே உப்பிட்டு வந்த தோலை முதலில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் நீக்குவார்கள். அதன்பின் பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். ஆவாரம்பட்டையை இடித்துப் போட்டு ஊறிய அந்தப் பழுப்புத் தண்ணீரில் தோல் பல நாள் கிடக்கும். பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளைப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு அழுகச் செய்யும் நுண்ணுயிர்களால் அந்த இழைகளை எளிதில் சிதைக்க முடியாது. கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். வெளிச்சம் பட்டுத் தோல் சிவந்துபோவதை அது தடுக்கும். இப்படிப் பதமான சரக்குதான் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைகளுக்குக் கப்பலேறியது. ஆவாரை தரிசிலும் வேலியோரத்திலும் தானே முளைப்பது. கடுக்காய் சவ்வாது மலை போன்ற காட்டுப் பகுதிகளின் விளைச்சல். பின்னாளில் வாட்டில் பட்டை வந்தது. அதற்கும் பின்னர் குரோமியம் உப்பு வந்து பட்டைத் தொட்டிகளின் காலத்தைச் சுருக்கிவிட்டது.

பட்டையில் துவர்ப்பு ஏன் இருக்கிறது? இலையையும் பட்டையையும் கடிக்கும் புழுவின் வாயிலும் வயிற்றிலும் டானின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. உணவு செரிக்காத புழு வளராது, இடம் மாறும், அல்லது சாகும். காயம்பட்ட இடத்தில் பூஞ்சை பரவுவதையும் அது தடுக்கிறது. தொட்டியில் கிடக்கும் ஆட்டுத்தோலிலும் கம்பளிப்பூச்சியின் குடலிலும் நடக்கும் வேதிச்செயல் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதை மனிதன் கண்டுபிடித்தான். இரண்டாவது அவன் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு முன்பு என்பதற்குத் தாவரப் புதைபடிவங்கள் பதில் சொல்கின்றன.

அகக்காழின் வரலாறு

எது மரம் என்பதற்குத் தொல்காப்பிய மரபியல் ஓர் இலக்கணம் தருகிறது. வன்மை உள்ளே இருப்பது மரம், வெளியே இருப்பது புல். அகக்காழ், புறக்காழ் என்பன அதன் சொற்கள். இந்தக் கணக்கில் வேம்பும் புளியும் மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் எவ்வளவு உயர்ந்தாலும் புல். உயரத்தைப் பாராமல் தண்டின் உட்கட்டமைப்பைப் பார்த்த பகுப்பு இது. இன்றைய தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் ஒருவித்திலைத் தாவரங்களாக, வேம்பிலிருந்து பிரித்தே வைக்கிறது.

இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய காடுகளுக்குள் போனால் வியப்பான ஒன்று தெரிகிறது. உலகின் முதல் மரங்கள் தொல்காப்பியர் கணக்கில் மரங்களே அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கில்போவா என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கல்லான அடிமரங்கள் கிடைத்தன. அவற்றின் மேல்பாகம் எப்படி இருந்தது என்பது 2007-இல்தான் தெரியவந்தது. வாட்டீசா என்று பெயரிடப்பட்ட அந்த மரம் ஏறத்தாழ 38.5 கோடி ஆண்டு பழையது. பனைபோல் கிளையின்றி நின்று உச்சியில் மட்டும் கொத்தாக விரிந்தது. இதன் இனத்தைச் சேர்ந்த, 39 கோடி ஆண்டு பழமையான சிறு மரங்கள் இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் கிடைத்ததாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. சீனாவின் சிஞ்சியாங்கில் கிடைத்த, நன்கு காப்பாற்றப்பட்ட இதே வகைத் தண்டு ஒன்றை வெட்டிப் பார்த்தபோது நடுவே வெற்றிடமும் ஓரத்தில் வளையமாக மர இழைகளும் இருந்தன. முழுக்க முழுக்கப் புறக்காழ்.

அகக்காழ் உள்ள முதல் பெருமரம் ஆர்க்கியாப்டெரிஸ். இதன் இலைக்கு 1871-இல் ஒரு பெயரும், கட்டைக்கு 1911-இல் கேலிக்சைலான் என்ற வேறு பெயரும் வைத்திருந்தார்கள். இலை பெரணியினுடையது போலவும் கட்டை ஊசியிலை மரத்தினுடையது போலவும் இருந்ததால் இரண்டும் ஒரே செடியாக இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை. இலை ஒட்டியபடியே ஒரு கட்டை கிடைத்தபோது, சார்லஸ் பெக் 1960-இல் இரண்டும் ஒன்றே என்று காட்டினார். அந்த மரம் விதை இல்லாமல் வித்துத்தூளால் பெருகியது. கட்டை முதலில், விதை பிறகு என்ற வரிசை அப்போது தெளிவானது.

அடுத்து வந்த நிலக்கரிக் காலச் சதுப்புக் காடுகளில் 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த லெப்பிடோடெண்ட்ரான்கள் நின்றன. அவற்றின் நடுக்கட்டை மெல்லியது. தாங்கிப் பிடித்தது தடித்த வெளிப்பட்டை. அவையும் புறக்காழே. பிறகு இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா ஒன்றாக இருந்த கோண்டுவானா நிலத்தில் குளோசாப்டெரிஸ் காடுகள் பரவி, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுக்கு முன் அழிந்தன. இந்தியாவின் நிலக்கரியில் பெரும்பகுதி அந்தக் காடுகள் விட்டுச் சென்றது. அதன்பின் சைக்கஸ் வகைகளும் ஊசியிலை மரங்களும் ஓங்கின. பூக்கும் தாவரங்களின் உறுதியான தடயங்கள் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுக்கு முந்தைய படிவங்களில் தொடங்குகின்றன. ஆவாரையும் கடுக்காயும் அந்தக் கடைசிக் கிளையைச் சேர்ந்தவை.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. மரம் என்பது ஒரே வம்சம் இல்லை. வெளிச்சத்துக்காக அண்டைச் செடியைவிட உயர வேண்டிய நெருக்கடியில், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல தாவரக் குலங்கள் தனித்தனியே மரமாக நிமிர்ந்தன. நிமிர்வதற்குக் கட்டையில் வேண்டிய லிக்னினும், நிமிர்ந்ததைக் காக்கும் டானினும் செடியின் உடலில் பொதுவான தொடக்கப் படிகள் கொண்ட வேதிப் பாதைகளில் உருவாகின்றன. நிற்பதும் தற்காப்பதும் ஒரே வீட்டு வேலைகள்.

தமிழ்நாட்டில் கல்லான மரங்கள்

மாதனூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் மரப் படிவத்தைத் தேடுவது வீண். அங்குள்ள நைஸ், சார்னோகைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையவை. மரம் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு 200 கோடி ஆண்டுக்கு முன்பே இறுகிவிட்டவை. ஆற்றோடு கிழக்கே போக வேண்டும். பாலாற்றுப் படுகையின் கீழ்ப்பகுதியில், ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள களிமண் படிவுகளில் டைலோஃபில்லம் போன்ற இலைகளின் அச்சுகள் கிடைக்கின்றன. சைக்கஸ் ஓலையைப் போல் தோன்றும் அந்த இலைகளின் குலம் இன்று உலகில் எங்கும் இல்லை. ஒட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் 1879-இல் இந்தக் கடலோரப் படிவங்களை விவரித்து எழுதினார்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கல்மரம் ஓடைக்கரையில் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை அறிவித்தார். பிற்காலத்தில் அத்துறையின் முதல் இந்தியத் தலைவரானவர் அவரே. மரத்தின் வயதை ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்று அத்துறை குறிப்பிடுகிறது. கடல் அப்போது அந்தப் பகுதிவரை இருந்தது. கரையிலிருந்து அடித்துவரப்பட்ட மரம் கடல் வண்டலில் புதைந்தது.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் ஒன்றல்ல, ஏறத்தாழ 200 அடிமரங்கள் உள்ளன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. செம்மண் சரளையில் பாதி புதைந்து கிடக்கும் ஒரு கட்டையைக் கிட்டப்போய்ப் பார்த்தால், ரம்பத்தால் அறுத்துப் போட்ட விறகு என்றே தோன்றும். நெடுக ஓடும் இழை தெரியும். கிளை முறிந்த கணுவின் சுழி தெரியும். வெட்டு முகத்தில் வளையங்கள் தெரியும். விரல் முட்டியால் தட்டினால்தான் அது கல் என்று புரியும். எந்தக் கட்டையிலும் வேரோ கிளையோ இல்லாததால், அவை அங்கே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் கொண்டுவந்து சேர்த்தவை என்று கருதுகிறார்கள். மணலில் ஆழப் புதைந்த கட்டைக்குக் காற்றுப் படாததால் அழுகல் தாமதப்பட்டது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா ஒவ்வொரு செல்லாகப் புகுந்து படிந்தது. மரத்தின் பொருள் போய், வடிவம் மட்டும் நின்றது. அந்த வடிவத்தை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்து மரத்தின் குடும்பத்தைக் கண்டறிகிறார்கள். புளியின் உறவினங்கள் அதில் உண்டு. கடுக்காய் மரம் அடங்கிய காம்பிரிட்டேசி குடும்பத்தின் மரங்களும் உண்டு.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா இவற்றைப் பற்றி எழுதுவதற்கு முன்பே ஊரார் இவற்றுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். வக்கராசுரனைத் திருமால் வதைத்தார். சிதறிக் கிடப்பவை அவன் எலும்புகள். சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளி சந்நிதியும் அந்தக் கதையோடு சேர்ந்தவை. கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களில் பல, அம்மோனைட் என்னும் கடலுயிரின் படிவங்கள்; அவற்றில் திருமாலின் சக்கரத்தைக் கண்டது வைணவ மரபு. இரண்டு மரபுகளும் கல்லின் வடிவத்தைக் கூர்ந்து பார்த்தவை. திருவக்கரைக் கதை ஒரு செய்தியைச் சரியாகவே பிடித்துக்கொண்டது: அந்தக் கல் முன்பு உயிரோடு இருந்தது.

சமயங்கள் சொல்லும் விடை

மரம் யாருக்காக என்ற வினாவுக்குத் தோல் வட்டாரத்தைச் சுற்றியே பல மரபுகளின் விடைகள் உள்ளன.

ஆம்பூரை அடுத்த மலையம்பட்டுப் பக்கத்து ஆர்மாமலைக் குகையில் சமணத் துறவியர் தங்கியிருந்தனர். 8-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அங்கே எஞ்சியுள்ளன. சமணத்தில் மரம் தொடுவுணர்வு மட்டும் கொண்ட ஓரறிவுயிர். மண், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களும் அதே வரிசையில் உண்டு. மரத்தின் உயிர் மரத்தினுடையது. அது பிறர்க்கென வந்ததன்று. இந்தக் கணக்கில் பட்டைத் தொட்டிக்குள் கிடப்பவை இரண்டு உயிர்களின் உடல்கள்: ஐயறிவுள்ள ஆடும் ஓரறிவுள்ள ஆவாரையும். பௌத்தம் பொதுவாக மரத்தை உணர்வுள்ள உயிராக எண்ணவில்லை. ஆயினும் செடிகொடியை வெட்டுவதைத் துறவியர்க்கு விலக்கியது.

சைவ சித்தாந்தத்தில் உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கும், உயிர்களைப் பற்றிய அழுக்காகிய மலம் கழிவதற்காக இறைவன் கொடுத்தவை. தனு, கரணம், புவனம், போகம் என்பார்கள். மரமும் ஓர் உயிர் எடுத்த உடலே. திருவாசகத்தின் சிவபுராணம் உயிர் எடுத்த பிறவிகளை அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் மட்டுமன்றிக் கல்லையும் சேர்க்கிறது. ஆகவே மரம் முதலில் அந்த மரத்துக்குள் இருக்கும் உயிருக்காக. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிறவிகளின் ஏணியில் ஏறுவது தனி உயிர். பரிணாமத்தில் மாறுவது தலைமுறைகளின் தொடர்; அங்கே ஏணியும் இல்லை, மேல்படியும் இல்லை. மனிதனாக வேண்டும் என்று எந்த மரமும் 39 கோடி ஆண்டு காத்திருக்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று காட்டி நம் முன்னோர் பரிணாமத்தை அறிந்திருந்தனர் என்பது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

இலைப் படிவங்கள் கிடைக்கும் ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். உணர்வுள்ளதும் இல்லாததுமான எல்லாம் நாராயணனின் உடல் என்பது அவர் கொள்கை. உடல் என்பது தன்னை ஆளும் உயிரின் பொருட்டே இருப்பது என்று ஸ்ரீபாஷ்யம் வரையறுக்கிறது. அப்படியானால் மரம் இறைவனுக்காக. மனிதனும் அதே உடலின் இன்னொரு பகுதி. மரத்தின்மீது அவனுக்குத் தனியுரிமை எதுவும் இதிலிருந்து கிடைப்பதில்லை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை வளர்த்தவர்களில் பெரும்பங்கினர் முஸ்லிம்கள். வானிலும் மண்ணிலும் உள்ளவற்றை மனிதனுக்கு வசப்படுத்திக் கொடுத்ததாகக் குர்ஆன் சொல்கிறது. அதே வேதம் மரங்களும் இறைவனுக்குச் சிரம் பணிவதாகச் சொல்கிறது. மனிதன் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அவன் பயன்படுத்தும் மரம் தன் இறைவனோடு தனியே உறவுடையது. ஒருவர் நட்ட மரத்தின் கனியைப் பறவையோ விலங்கோ தின்றாலும் அது நட்டவரின் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி. விவிலியத்தின் தொடக்க நூலும் செடிகளை மனிதனுக்கு மட்டும் உணவாகக் கொடுக்கவில்லை. விலங்குக்கும் பறவைக்கும் சேர்த்தே கொடுக்கிறது.

இந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ஆயினும் மரத்தின் இருப்பு மனிதனின் தேவையோடு முடிந்துவிடுகிறது என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை. அந்த எண்ணம் வேதங்களைவிடக் கணக்கேடுகளில்தான் அதிகம் குடியிருக்கிறது.

காரணம், பயன், நோக்கம்

டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் தன் கொள்கைக்குத் தானே ஒரு சோதனை வைத்தார். ஓர் இனத்தின் உறுப்பு எதுவும் முழுக்க வேறோர் இனத்தின் நன்மைக்காக மட்டுமே அமைந்தது என்று நிறுவப்பட்டால், தன் கொள்கை அடியோடு வீழ்ந்துவிடும் என்றார். பட்டையின் துவர்ப்பு தோலுக்காக மட்டும் என்று காட்ட முடிந்தால் அதுவே போதும். காட்ட முடியாது. தோல் பதனிட மனிதன் வருவதற்குப் பல கோடி ஆண்டுக்கு முன்பே தாவரங்கள் துவர்த்துக்கொண்டிருந்தன.

கால அளவைப் பாதையாக விரித்தால் இது எளிதில் விளங்கும். சென்னையிலிருந்து மாதனூர் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மரங்களின் 39 கோடி ஆண்டு அந்த முழுப் பாதை என்று வைத்துக்கொண்டால், மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டு மாதனூரை அடையும் கடைசி 130 மீட்டருக்குள் அடங்கிவிடும். பட்டையால் தோலைப் பதப்படுத்தத் தெரிந்த காலம் அதிலும் சில மீட்டர்தான்.

நம்பிக்கையுள்ள ஒருவர் இங்கே மறுக்கலாம். இறைவனுக்குக் காலம் ஒரு தடையா? மனிதனை எண்ணியே 39 கோடி ஆண்டுக்கு முன்பு மரத்தைத் தொடங்கியிருக்கக் கூடாதா? குளோசாப்டெரிஸ் அழிந்தது, அதன் கரி இன்று அனல்மின் நிலையத்தில் எரிகிறதே? மறுப்பு வலுவானது. புதைபடிவம் அதைப் பொய்யென்று நிறுவாது. ஏனென்றால் கட்டை கல்லாகும், எண்ணம் கல்லாகாது. பாறையில் கிடைப்பது காரணமும் விளைவும் மட்டுமே.

ஆனால் பயனை நோக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவதை அது தடுக்கும். வெள்ளத்தில் வந்த கட்டையைப் பிடித்து அடுப்பில் வைத்தவர் ஆற்றுக்கு நன்றி சொல்லலாம்; தன் அடுப்பெரியத்தான் ஆறு பெருகியது என்று சொல்ல முடியாது. வாட்டீசாவும் டைலோஃபில்லமும் போல, எவருக்கும் நிழல்கூடத் தராமல் வந்து போன மரஞ்செடிகள் எண்ணற்றவை. மனிதப் பயனே அளவுகோல் என்றால் மரங்களின் வரலாற்றில் பெரும்பகுதி வீண். அவை தம் வெளிச்சத்துக்கு நிமிர்ந்தன, தம் பூச்சியோடு போராடின, தம் வித்தைப் பரப்பின என்று கொண்டால் எதுவும் வீணில்லை.

இதனால் பட்டை உரிப்பதோ மரம் வெட்டுவதோ பாவம் என்று ஆகிவிடாது. ஆடு ஆவாரையைக் கடிக்கிறது, மனிதன் உரிக்கிறான். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன. மாறுவது உரிமையின் தன்மை. தனக்கென்று படைக்கப்பட்ட பொருளை எடுப்பவருக்குக் கணக்கில்லை. இன்னொருவருடையதை எடுப்பவருக்குக் கணக்குண்டு. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, தோல் தொழிலிடம் பாலாற்றுக்காக அத்தகைய கணக்கைத்தான் கேட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது.

திருவக்கரையில் கல்லாய்க் கிடக்கும் கடுக்காய்க் குடும்பத்து மரங்கள் 2 கோடி ஆண்டுக்கு முன் உயிரோடு நின்றபோதும், அவற்றின் இன்றைய உறவினங்களைப் போலவே துவர்த்திருக்க வேண்டும். அந்தத் துவர்ப்பைத் தோலில் ஏற்றும் கை அப்போது உலகில் எங்கும் இல்லை.